சீராக வந்த ஹெல்மெட்

சந்தியாவின் கல்யாணத்தில் முதல் சண்டை பந்தியில் வரவில்லை, மொய் எழுதுகிற இடத்திலும் வரவில்லை. ஒரு ஹெல்மெட்டால் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பெண்ணின் அண்ணன் தேசப்பன் மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. அப்பா இல்லாத வீட்டில் தங்கைக்கு அப்பாவும் அவன்தான், அதட்டலும் அவன்தான். மாப்பிள்ளைக்கு பைக் வாங்கித் தருவதாகப் பேச்சு, வாங்கிவிட்டான். கூடவே சிவப்பு நிறத்தில் ஒரு ஹெல்மெட்டும் வாங்கி, தாம்பாளத்தில் வைத்து, பழத்தட்டுக்கும் பூத்தட்டுக்கும் நடுவே சீர்வரிசையில் தூக்கிவரச் சொல்லிவிட்டான். அவனைக் கேட்டால் அதில் தப்பே இல்லை. அவன் அப்பா உப்பளத்திலிருந்து சைக்கிளில் திரும்பும்போது லாரி இடித்துச் செத்தவர். கை கால் எல்லாம் முழுசாக இருந்தது, தலைதான் இல்லை என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து தேசப்பன் யாரைப் பார்த்தாலும் ஹெல்மெட் போடு என்பான். அவன் மட்டும் டிவிஎஸ் ஃபிப்டியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு போவான். ஊருக்குத்தானே உபதேசம்.

"சீர்த்தட்டுல வெறும் பாத்திரத்த வெப்பாங்களா? அதுவும் கவுத்துப் போட்ட சட்டியாட்டம்!" என்றாள் லட்சுமியம்மாள். "எம்புள்ள தாலிய எடுக்கறதுக்கு முன்னாடியே அவன் மண்ட ஒடையறதப் பத்தி யோசிக்கிறீங்களா நீங்க?"

"வெறுமனே வெக்கக் கூடாது, அவ்ளோதான சம்பந்தியம்மா? ரொப்பிட்டாப் போச்சு" என்றான் தேசப்பன்.

அவனுடைய வாய்த்துடுக்கு அத்தோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. பெண் புகுந்த வீட்டுக்கு எடுத்துப்போக உப்பும் மஞ்சளும் ஒரு பையில் தயாராக இருந்தன. அளத்துக்காரன் வீட்டு உப்பு, அன்று காலையில் பாத்தியில் வாரி ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தது. ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டு, வார் கீர் எல்லாம் உள்ளே தள்ளி, உப்பை விளிம்பு வரைக்கும் கொட்டினான். உச்சியில் ஒரு மஞ்சள் கிழங்கையும் நட்டான். மரக்காணத்துச் சனம் கைதட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு லட்சுமியம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

பெரிய முதலியார்சாவடியில் மாப்பிள்ளை வீடு. அசோகன் கூனிமேட்டுப் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான், தினமும் ஈசிஆர் ரோட்டில் போய்வர வேண்டும். நல்லவன்தான், ஆனால் அம்மா பேச்சையும் தட்ட மாட்டான், பெண்டாட்டி பேச்சையும் கேட்டுக்கொள்வான், கடைசியில் தன் இஷ்டப்படி செய்வான். வீட்டில் மாமனார் ஒருவர் இருந்தார். இருந்தார் என்பதோடு சரி.

சீராக வந்த உப்பை வீட்டுச் சமையலில் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். கொட்டினால் மகாலட்சுமி வெளியே போய்விடுவாள், அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் அவர்களோடு போய்விடுவாள். இதில் லட்சுமியம்மாளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தேசப்பன் நக்கலுக்குக் கொட்டிய உப்பை நாக்கில் வைக்க அவளுக்கு மனசில்லை. "அவன் உப்பத் தின்னுட்டு அவனுக்கு வேற விசுவாசமா இருக்கணுமா?" என்று ஹெல்மெட்டை உப்போடு தூக்கிப் பரணில் வைத்தாள். கடையில் உப்பு வாங்கிக் குழம்பு வைத்தாள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பரண் உப்பு நீர்விட ஆரம்பித்தது. சுவரில் ஈரக்கோடு இறங்கியது. "அழுவுது பாரு உங்கண்ணன் உப்பு" என்று சந்தியாவுக்குக் காட்டுவாள் மாமியார். சந்தியா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத் துடைப்பாள். புருஷன் வெறுந்தலையோடு கிளம்பும்போதெல்லாம் அவளுக்கு அப்பாவைக் கிடத்தியிருந்த பாய் ஞாபகத்துக்கு வரும். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பக் கேட்டால்தான் உலையில் அரிசி போடுவாள்.

"அந்த ஹெல்மெட்டப் போட்டுக்கினு போங்களேன்" என்று கெஞ்சினாள் ஒருநாள்.

"உங்கண்ணன் சொன்னா நான் போடணுமா? எனக்குத் தலை இருக்குது, அதுல புத்தியும் இருக்குது" என்றான் அசோகன்.

தேசப்பன் சும்மா இருந்திருந்தால் ஒருவேளை அவன் போட்டிருப்பான். பொங்கல் சீர் கொண்டு வந்த அன்றைக்குத் தெருவே பார்க்க, "மாப்ள, ஹெல்மெட் எங்க? அது இல்லாம வண்டியத் தொடாத" என்று பைக் சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டான். கொடுத்த சீரைத் திருப்பிப் பிடுங்குகிறவனை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. லட்சுமியம்மாள் பொங்கல் பானையை அப்படியே விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"பொண்ணக் குடுத்தியா, இல்ல அடமானம் வெச்சிருக்கியா? சாவியக் குடுத்துட்டு நட."

"என் தங்கச்சி வெள்ளப் பொடவ கட்டறதப் பாக்க நான் பைக் வாங்கிக் குடுக்கல."

"இன்னா வாயிடா அது! நல்ல நாளும் அதுவுமா!"

சாவி திரும்பி வந்தது. பேச்சுவார்த்தை நின்றது. அதற்குப் பிறகு அண்ணன் வந்தால் மாமியார் கொல்லைப் பக்கம் போய்விடுவாள், அந்த வீட்டுத் தண்ணீரைக்கூட அவன் குடிக்க மாட்டான். நடுவில் சந்தியா மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடிவாங்கினாள்.

மாசி பிறப்பதற்குள் அசோகனோடு வேலை பார்த்த செல்லப்பன் போய்ச் சேர்ந்தான். சென்னையிலிருந்து பறந்து வந்த கார், ரோட்டைக் கடந்த மாடு, இரண்டுக்கும் நடுவில் அவன் வண்டி. அசோகன்தான் செல்லப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் போனவன். வீட்டுக்கு வந்தவன் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. நேராக ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஹெல்மெட்டை இறக்கினான். உப்பு பாறையாக இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் குத்திக் குத்திப் பெயர்த்துத் தென்னை மரத்தடியில் கொட்டினான்.

"மகாலட்சுமியத் தென்ன மரத்தடியில கொட்டறான் பாரு" என்று லட்சுமியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். அவன் காதில் வாங்கவில்லை.

சந்தியா ஹெல்மெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தாள். மேல்பக்கம் வாங்கிய நாள் போலவே பளபளத்தது. மறுநாள் காலையில் அவன் அதை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். மாமியாருக்கு அதுவும் பொறுக்கவில்லை. "கடைசில மச்சான் ஜெயிச்சிட்டான்" என்று அன்று முழுக்கப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

கொஞ்ச நாள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தியா துவைக்க எடுத்த சட்டையில், காலருக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கறை. தேய்த்தாள், போகவில்லை. டீக்கறையா, ரத்தமா என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். உப்பளத்தில் பிறந்தவளுக்கு யோசிக்க வேண்டியதில்லை, அது துருக்கறை. மரக்காணத்தில் மண்வெட்டி, ஆணி, சைக்கிள் செயின் எல்லாவற்றையும் தின்கிற அதே துரு.

கையைத் துடைத்துக்கொண்டு போய் ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பினாள். தாடைக்குக் கீழே மாட்டுகிற வாரை, இரண்டு பக்கமும் ஓட்டோடு சேர்த்து ஆணி அறைந்திருந்தார்கள். வெளியே ஆணித்தலை மினுக்கியது. உள்ளே விரலால் தடவினால் பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. இடப்பக்கத்து ஆணியில் பாதி அவள் உள்ளங்கையில் வந்துவிட்டது. வாரை இழுத்துப் பார்க்கப் பயந்து அப்படியே வைத்தாள்.

இது மாமியாருக்குத் தெரிந்தால் தெருவைக் கூட்டிவிடுவாள். உங்கண்ணன் குடுத்த சீரைப் பாரு, துருப்பிடிச்ச சட்டி என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். புருஷன் அதைத் தூக்கித் தென்னை மரத்தடியிலேயே எறிந்துவிட்டு மறுபடி வெறுந்தலையோடு போவான். சொல்லாவிட்டாலோ, அவன் தலையில் இருப்பது ஹெல்மெட்டே இல்லை, சும்மா கவிழ்த்துவைத்த சட்டிதான். சாயங்காலம் தேங்காய் வாங்குகிற சாக்கில் எஸ்டிடி பூத்துக்குப் போய், மரக்காணத்தில் அண்ணன் டீ குடிக்கிற கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, ஹெல்மெட் வார் அத்துப்போவற மாதிரி இருக்குது. உப்பு தின்னுடுச்சு."

தேசப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சுது, என் மானம் கப்பல் ஏறிடும். புதன்கெழம வரேன். அதே செவப்புல ஒண்ணு வாங்கியாறேன், கமுக்கமா மாத்தி வெச்சிடு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"அதுவரைக்கும் அவரு எதப் போட்டுக்கினு போவாரு?"

"ரெண்டு நாள்ல இன்னா குடிமுழுகிப் போவுது? இவ்ளோ நாளு வெறுந்தலையோடதான போனான்?"

ஊருக்கெல்லாம் ஹெல்மெட் ஹெல்மெட் என்று தொண்டை கிழியக் கத்தியவன் பேசுகிற பேச்சா இது? அவள் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் வாயை மூடிக்கொள்வது சின்ன வயசிலிருந்து பழகிப்போனது.

அன்று ராத்திரி புருஷனிடம் சொல்லியிருக்கலாம். ஒரே அறை வீடு, நடுவில் ஒரு புடவைத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் மாமியாருக்குக் காது கூர்மை. சொல்லாமலிருக்க இப்படிக் காரணம் நிறையக் கிடைத்தது, ஒன்றும் காலணா பெறாத காரணம். திங்கட்கிழமை அசோகன் போனான், நல்லபடியாகத் திரும்பி வந்தான். ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் ஒரு அசட்டு தைரியம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த தைரியம் போய்விட்டது. அவன் ஹெல்மெட்டை எடுக்கும்போது வழியை மறித்து நின்றாள்.

"இன்னிக்கு பஸ்ல போங்க."

"ஏன்?"

லட்சுமியம்மாள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மீனிலிருந்து அவள் கண் நிமிரவில்லை, காது நிமிர்ந்துவிட்டது.

"சும்மாதான். மனசு சரியில்ல."

"மனசு சரியில்லன்னா ஷிப்ட்டுக்கு லேட்டாப் போவ முடியுமா? நவுரு."

"அப்ப இந்த ஹெல்மெட்டாவது வேணாம். வண்டிய மெதுவா ஓட்டிக்கினு போங்க."

அசோகன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "போடு போடுன்னு ஆறு மாசமா என் உசுர எடுத்தீங்க அண்ணனும் தங்கச்சியும். போட்டாச்சு. இப்ப வேணாங்கிறியா? என்னைப் பாத்தா பைத்தியக்காரன் மாதிரி தெரியுதா?"

"உங்கண்ணனுக்கும் உனக்கும் சண்டையா இன்னா?" என்றாள் லட்சுமியம்மாள், மீன்தலையைக் கிள்ளிக்கொண்டே. "அதான் ஹெல்மெட் கசக்குதா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். துரு என்று சொன்னால் போதும். மாமியாரின் கோணல் சிரிப்பைப் பார்த்ததும் சந்தியாவின் வாய் இறுகிவிட்டது. அவளுக்கும் ரோஷம் இருந்தது, அண்ணனுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. வழியை விட்டு நகர்ந்தாள். அசோகன் ஹெல்மெட்டை மாட்டி, வாரைக் கழுத்தடியில் சொடுக்கி, வேண்டுமென்றே ஒருதரம் தட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

பதினோரு மணி வாக்கில் ஆள் வந்தது. கூனிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேனை இன்னொரு வேன் முந்தப் பார்த்ததில் அசோகன் ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறான். மணலில் சக்கரம் வழுக்கி, தூக்கி எறிந்திருக்கிறது.

புதுச்சேரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில், அவனைத் தூக்கிவந்த ஆட்டோக்காரர் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல ஒரு அடியும் இல்லம்மா. அவரு கீழ வுழறதுக்குள்ளயே இது கழண்டு தனியா உருண்டு போயிடுச்சு. நான் பாத்தேன்." ஹெல்மெட்டில் சின்னக் கீறல்தான் இருந்தது. வார் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது.

டாக்டர் வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லை என்றார். ஆனால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, வலது கை அசையவில்லை, பேச்சு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். லட்சுமியம்மாள் தரையில் சரிந்தாள். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சந்தியாவால் உள்ளே நிற்க முடியவில்லை, வாசல் படிக்கு வந்தாள். அப்போதுதான் தேசப்பனின் டிவிஎஸ் ஃபிப்டி கேட்டுக்குள் வந்தது. தலையில் அதே துண்டு. முன்னால், இரண்டு முழங்காலுக்கும் நடுவில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காத புது ஹெல்மெட் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நாளைக்குக் கொண்டுவர வாங்கிக் கட்டிவைத்தது, சேதி கேட்ட அவசரத்தில் அவிழ்க்கவில்லை. தங்கையைப் பார்த்ததும் தலைத்துண்டை உருவி அதன்மேல் போர்த்திவிட்டு ஓடிவந்தான்.

வராந்தாவில் லட்சுமியம்மாள் எழுந்து பழைய ஹெல்மெட்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "வாடா வா! உன் சீரு எம்புள்ளையக் கொன்னு போட்டுடுச்சு. இந்தா, எடுத்துக்கினு போ!"

"வாரச் சரியா மாட்டியிருக்க மாட்டான். மாட்டத் தெரியாதவன் போட்டா ஹெல்மெட் இன்னா பண்ணும்?"

"மாட்டினாரு" என்றாள் சந்தியா. "எங்கண்ணு முன்னாடி மாட்டினாரு. ஆணி துருப்புடிச்சிருந்துது. ஞாயித்துக்கெழமையே எனக்குத் தெரியும்."

லட்சுமியம்மாள் ஹெல்மெட்டைப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"தெரிஞ்சே அனுப்பினியாடி?" லட்சுமியம்மாளின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"அண்ணனுக்குப் போன் பண்ணேன். யார்கிட்டயும் சொல்லாத, வேற வாங்கியாறேன்னு சொன்னாரு. வாய மூடிக்கினேன். அது என் தப்புதான்."

தேசப்பன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாளைப் பார்த்துச் சொன்னான். "எப்ப போன் பண்ணா? எனக்கு எந்தப் போனும் வரல. இவ பயத்துல இன்னான்னமோ ஒளர்றா."

"பாத்தியா, பெத்தவனாட்டம் வளத்த அண்ணன் மேலயே பழி போடறா" என்றாள் லட்சுமியம்மாள். "எம்புள்ளைய வாரிக் குடுத்துட்டு இப்ப தப்பத் தள்ளிவிட ஆள் தேடறா."

"சின்ன வயசுலருந்தே அவளுக்கு அந்தப் புத்தி உண்டு சம்பந்தியம்மா."

கல்யாணத்திலிருந்து எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொண்டு அவளைத் திட்டினார்கள். சந்தியா கேட்டுக்கொண்டே நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வெறுப்புதான் வந்தது, சுத்தமான வெறுப்பு, வயிற்றிலிருந்து.

படியிறங்கி வண்டி நிற்கிற இடத்துக்குப் போனாள். துண்டை எடுத்துக் கீழே போட்டாள். கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். புது ஹெல்மெட்டைக் கொண்டுவந்து பெஞ்சின்மேல், பழைய ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே சிவப்பு.

லட்சுமியம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு தேசப்பன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் அத்தை" என்றாள் சந்தியா. "அந்த உப்ப நீங்க சோத்துல போட்டிருந்தீங்கன்னா அது ஆணியத் தின்னிருக்காது. இவரு திமிருல கொட்டினாரு, நீங்க வீம்புக்கு வெச்சிருந்தீங்க, நான் ரோஷத்துக்கு வாய மூடினேன். உள்ள படுத்திருக்கறவரு ஒருத்தருதான் சொன்னபடி செஞ்சாரு."

லட்சுமியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பாப்பா..." என்றான் தேசப்பன்.

"நீ கெளம்பு."

"நான் சொல்றத ஒரு நிமிசம்..."

"கெளம்புண்ணா."

அவன் படியிறங்கிப் போய் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான். சந்தியா புது ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பிளாஸ்டிக் கவரைக் கிழித்து எறிந்தாள். "போட்டுக்கோ" என்றாள். அவன் வாங்கித் தலையில் கவிழ்த்தான். வாரின் இரண்டு முனையையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். அத்தனை நாள் அத்தனை பேரைப் போடு போடு என்று விரட்டியவனுக்கு அதை மாட்டத் தெரியவில்லை.

அவள் கிட்டே வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், தாடைக்குக் கீழே வாரைக் கோத்துச் சொடுக்கினாள். பிடித்திருக்கிறதா என்று ஒருதரம் பலமாக இழுத்துப் பார்த்தாள்.

"ரோடு பூரா லாரி. பாத்துப் போ" என்றாள். "இனிமே எங்க வூட்டுக்கு வராத."

அவன் வண்டி கேட்டைத் தாண்டும்வரை அவள் நிற்கவில்லை. நர்ஸ் மருந்துச் சீட்டோடு அசோகனின் வீட்டுக்காரி யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார், நான்தான் என்று சொல்லிக்கொண்டு படியேறிப் போனாள்.